சூரியனுக்குப் பின்னால் அறுபது நாள்

அத்தியாயம் ஏழு

பிற்பகல் இரண்டு மணிக்குப் பதிவறையின் கதவைத் திறந்ததும் துப்பறிவாளர் முதலில் பார்த்தது, சுவரோரம் அடுக்கியிருந்த பதினேழு தடித்த நோட்டுப் புத்தகங்களை. அவற்றை எழுதிய அம்மாளை அதற்குப் பிறகுதான் பார்த்தார். மனிதர்களுக்கு முன்னால் அவர்களுடைய உழைப்பு கண்ணில் பட்டுவிடுவது நல்லவர்களிடமும் உள்ள குறைதான்.

"நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுதுங்க," என்றார் பதிவாளர் அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேசையைத் துடைத்து, பேனாக்களை ஒரே திசையில் அடுக்கி, வேலையை விட்டுப் போகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். "நான் பொய்க் கணக்கு எழுதினேன்னு முடிவு பண்ணிட்டா என் வேலை போகும். அது போகட்டும். இந்தப் பதினேழு வருஷப் பதிவையும் நம்பக் கூடாதுன்னு முத்திரை குத்திடுவாங்க. அதைத்தான் தாங்க முடியாது."

"ரெண்டு மணி நேரம் இருக்கு," என்றார் துப்பறிவாளர். "ஆரம்பத்துலருந்து சொல்லுங்க."

"படிச்சவங்க பாஷை வேண்டாம் மேடம்," என்று இடையில் புகுந்தார் உதவியாளர். இவர் துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. வெளியாட்களுக்கு உதவியாளர், துப்பறிவாளருக்கு எங்கேயும் மாப்பிள்ளை. பதினோரு ஆண்டுகளாக உடன் வருகிறார். அவருடைய வாய்க்கு மட்டும் விடுமுறை கிடைத்ததில்லை. "அத்தான் எட்டாவதுல அறிவியல் பெயில். நான் அவரை முந்திக்கிட்டு ஏழாவதுலயே பெயில்."

இந்த ஆய்வு நிலையம் ஒரு செயற்கைக்கோளின் கண் வழியாக வானத்தைப் பார்த்துவந்தது. அம்மாளின் பொறுப்பில் ஒரே ஒரு நியூட்ரான் விண்மீன் இருந்தது. நிலையத்தார் அதற்குச் சுழலி என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள்.

"செத்துப்போன நட்சத்திரத்தோட மிச்சம் அது," என்றார் அம்மாள். "ஒரு ஊர் அளவுதான் இருக்கும். எடை சூரியனைவிட ஜாஸ்தி. பக்கத்துல துணைக்கு ஒரு பெரிய நட்சத்திரம். அதுகிட்டருந்து வாயுவை இழுத்து இழுத்துத் தின்னுதான் காலம் தள்ளுது."

"மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க," என்றார் துப்பறிவாளர்.

"அக்கா வீட்டுல தின்றது வாஸ்தவம்தான் அத்தான். அதுக்காக என் எடை என்னிக்காவது அக்காவைத் தாண்டியிருக்கா?"

அம்மாளின் உதட்டோரம் ஒரு கணம் அசைந்து அடங்கியது. "காந்த சக்தி அதுக்குப் பயங்கரம். விழற வாயுவையெல்லாம் ரெண்டு துருவத்துக்கே ஓட்டிட்டுப் போகும். விழுந்த இடம் கொதிச்சு எக்ஸ் கதிர் அடிக்கும். அது சுத்தச் சுத்த அந்தக் கதிர் நம்ம பக்கம் வந்து வந்து போகும். ஒரு சுத்துக்கு ஏறக்குறைய நூத்திருபது விநாடி. அந்த விநாடியைத்தான் நான் தினமும் அளந்து எழுதறேன்."

"தினமும் நூத்திருபதுன்னா ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிடலாமே?"

"விழற வாயு தள்ளிவிடறதால வேகம் துளித்துளியாக் கூடும். பதிமூணு வருஷம் கூடிக்கிட்டே வந்துச்சு. நாலு வருஷத்துக்கு முன்னால குறைய ஆரம்பிச்சுது. ஏன் திரும்புச்சுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. அது திரும்பின சமயத்துல யாரும் அதைப் பார்க்கவும் இல்ல."

"ஏன்?"

"வருஷா வருஷம் நவம்பர் கடைசியிலருந்து ஜனவரி கடைசி வரைக்கும் சூரியன் அது இருக்கிற திசைக்கு வந்துடும். அப்போ கருவியை அந்தப் பக்கம் திருப்பினா கருகிடும். அதனால அந்த அறுபது நாளும் பதிவு கிடையாது. நோட்டைப் பாருங்க, எல்லா வருஷமும் அதே அறுபது வரி காலி."

துப்பறிவாளர் ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் அந்த இடைவெளி இருந்தது; வெற்று வரிகளுக்குக்கூடத் தேதி எழுதப்பட்டிருந்தது. ஆனால் நிலையத்தின் கணினிப் பெட்டகத்தில், விண்மீன் திரும்பிய அந்த ஓர் ஆண்டில் மட்டும், காலியாக இருக்க வேண்டிய அறுபது நாளுக்கும் அறுபது எண்கள் இருந்தன. வேகம் மெல்லத் தயங்கி, மெல்ல வளைந்து, மெல்லத் திரும்புவதாக அவை காட்டின. அடுத்து வந்த மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்மாளின் கடவுச்சொல்லைக் கொண்டு, ஒரே மூச்சில் யாரோ தட்டியவை. சென்ற மாதம் வேறொரு நாட்டு ஆய்வுக்குழு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தது: அந்த நாட்களில் உங்கள் கருவி சூரியனைக் கடந்து எப்படிப் பார்த்தது?

"கடவுச்சொல் யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இயக்குநருக்கு. கணினிப் பிரிவுக்காரருக்கு." அம்மாள் சற்றே நிறுத்தினார். "வீட்டுல அவருக்கு."

அவர் என்பவர் பேராசிரியர், அம்மாளின் கணவர். பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். காந்த விண்மீன்கள் ஒரு நொடியில் திரும்புவதில்லை, வளைந்துதான் திரும்பும் என்று முந்நூறு பக்கத்தில் ஒரு நூல் எழுதிப் புகழ் பெற்றவர். அந்த நூலின் நடுப்பக்கத்தில் சுழலியின் படம் இருக்கிறது. அதில் அழகான ஒரு வளைவும் இருக்கிறது.

"அந்தப் படத்தை நீங்க பார்க்கலியா?" என்றார் துப்பறிவாளர்.

"பார்த்தேன். கணக்குப் போட்டு அவர் வரைஞ்ச கோடுன்னு நினைச்சேன். அளந்த புள்ளின்னு நினைக்கல."

"வளைவால லாபம் அவருக்குத்தானே மேடம்?" என்றார் உதவியாளர்.

"எனக்கும் தோணாம இல்லைங்க. ஆனா அவரா இருக்கவே முடியாது." முதன்முறையாக அம்மாளின் குரலில் உறுதி ஏறியது. "அந்த அறுபது நாளும் நான் லீவு. பதினேழு வருஷமா வீட்டுலதான் இருக்கேன். என் பொண்ணு சின்ன வயசுல அதுக்குச் சூரிய லீவுன்னு பேரே வெச்சா. மத்த மாசமெல்லாம் அவர் சாப்பாட்டைக் காலையிலேயே டப்பாவுல போட்டு வெச்சுட்டு வந்துடுவேன். அந்த ரெண்டு மாசம் மட்டும் மத்தியானம் ஒரு மணிக்குச் சூடா நானே மாடிக்கு எடுத்துட்டுப் போவேன். நான் வீட்டுல இருக்கிறப்போ இங்க பதிவு நடக்காதுன்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சவர் அந்த நாளுக்குப் போய் எண்ணைத் திணிப்பாரா?"

துப்பறிவாளர் தலையசைத்தார். குறை சொல்ல முடியாத வாதம் அது.

இயக்குநரை அவர்கள் தாழ்வாரத்திலேயே பிடித்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நல்ல அம்மாதான், யார் இல்லைன்னா? நவம்பர் இருபத்தஞ்சாம் தேதி காலையில லீவு விண்ணப்பம் என் மேசையில இருக்கும். ஒன்பது வருஷமா நான்தான் கையெழுத்துப் போடறேன். ஆனா கடவுச்சொல் அவங்களோடது. நிலையத்தோட பேரைக் காப்பாத்தணும்னா யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கத்தானே வேணும்?"

"யாராவது ஒருத்தர் போதும்னா, சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாமே சார்?" என்றார் உதவியாளர்.

இயக்குநருக்கு அது கேட்கவில்லை. அல்லது கேட்காதிருப்பதே பதவிக்கு அழகு என்று எண்ணியிருக்கலாம்.

கணினிப் பிரிவுக்காரர் ஒரு பழைய விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். "அந்த ரெண்டு மாசத்துலதான் சார் நாங்க சுழலி சிக்னலை வாங்கற மிஷினைக் கழட்டித் துடைக்கறது. மத்த நாள்ல கை வெச்சா அந்தம்மா கையை ஒடிச்சிடுவாங்க. டிசம்பர்ல எண் வந்துச்சுன்னு சொன்னா, கழட்டிப் போட்ட மிஷின் தானா எழுந்து வேலை பார்த்துச்சுன்னு அர்த்தம்."

இருவரும் வெளியே வந்து ஊழியர் குடியிருப்பை நோக்கி நடந்தார்கள். வெயில் சுவர்களில் படிந்திருந்தது.

"கணக்கு உதைக்குது அத்தான். சாவி வெச்சிருக்கிற நாலு பேருக்கும் அந்த அறுபது நாள் தெரியும். தெரியாதவன் எவன்கிட்டயும் சாவி இல்ல. ஆவி வந்து தட்டிட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு, வாங்க, சாப்பிடப் போவோம்."

"ஒரு கதை கேளு," என்றார் துப்பறிவாளர். "காட்டு ராஜா சிங்கத்துக்கு ஒரு நரி மந்திரி. தன் பண்ணைக் கோழி நாள் தவறாம முட்டையிடும்னு அது சபையில பெருமையடிச்சுக்கிச்சு. ராஜா சோதிக்க ஆள் அனுப்பினார். கூட்டுல முட்டை குறைஞ்சதைப் பார்த்த நரி, வெள்ளைக் கூழாங்கல்லா பொறுக்கிக் காலி இடத்துல வெச்சுது. வந்த ஆள் கல்லைத் தொட்டுக்கூடப் பார்க்கல. கோழியைப் பார்த்தான், சிரிச்சான். ஏன்னா அது கோழி இறகு உதிர்க்கிற பருவம். அப்போ எந்தக் கோழியும் முட்டையிடாது. உடம்புல பாதி இறகு இல்லாம அது எதிர்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"நரிக்கு அது தெரியாதா?"

"அது ஆயுசுக்கும் முட்டையைத்தான் பார்த்துச்சு."

உதவியாளர் நான்கு அடி நடந்தபின் நின்றார். "அத்தான், நீங்க கதை சொன்னா ஒவ்வொரு தடவையும் நரிக்குத்தான் கெட்ட பேர். ஆனா இந்தத் தடவை கோழியை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

"எனக்கும்தான். கதவைத் தட்டு."

பேராசிரியர் மாடி அறையில் இருந்தார். மூன்று சுவர்களில் நூல்கள். நான்காவதில் சன்னல், திரை இழுத்து மூடியிருந்தது. மேசையில் மூடி திறந்த சாப்பாட்டு டப்பா ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. அவர் இனிமையாகவே வரவேற்றார். நாற்காலியின் மேலிருந்த தாள்களை எடுத்து உட்கார இடம் செய்துகொடுத்தார்.

"அவ மேல ஏதோ பதிவுக் குளறுபடின்னு புகார் போல. சின்ன விஷயம். மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாங்க."

"என்ன குளறுபடின்னு கேட்டீங்களா சார்?"

"விவரம் கேட்கல. டைப்பிங் சமாசாரம் ஏதோ."

"நீங்க ஒரு வாக்குமூலம் குடுத்தா நல்லது," என்றார் துப்பறிவாளர். "அவங்க வேலையில எப்படின்னு உங்க வாயால வரணும். நாலு வருஷத்துக்கு முன்னால அந்தக் குளிர்காலத்துல அவங்க எப்படி வேலைக்குப் போனாங்க? ஞாபகம் இருக்கிறதை மட்டும் சொன்னாப் போதும்."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. மனைவிக்கு நன்மை செய்யும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி வாய்த்ததில்லை போலும். "ஞாபகம் எதுக்கு? அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு நாள் தவறாமப் போவா. வெயில், குளிர், மழை, எதுவும் கிடையாது. அந்த வருஷம்னு இல்ல. பதினேழு வருஷமும். லீவுங்கற வார்த்தையே அவளுக்குத் தெரியாது."

"டிசம்பர், ஜனவரி?"

"எல்லா மாசமும்தான்."

உதவியாளர் சொல் மாறாமல் எழுதிக்கொண்டார். பேராசிரியர் ஒருமுறை படித்துப் பார்த்து, 'தெரியாது' என்பதன் கீழே கோடு இழுத்து, கையெழுத்திட்டார்.

"மத்தியானச் சாப்பாடு சார்?" என்று கேட்டார் துப்பறிவாளர், எழுந்திருப்பவரைப் போல.

"இங்கயே வந்துடும். டப்பாவுல இருக்கும். சில சமயம் தட்டுல சூடா இருக்கும்."

"சூடா இருந்தா யார் கொண்டுவந்து வெப்பாங்க?"

"யார்..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதிட்டு இருக்கறப்போ யாராவது வந்து வெச்சுட்டுப் போவாங்க. அதையெல்லாம் நான் தலை தூக்கிப் பார்க்கறதில்ல."

பிறகு துப்பறிவாளர் சூரியனைப் பற்றியும், கருகும் கருவியைப் பற்றியும், பதினேழு நோட்டுகளிலும் ஒரே இடத்தில் காலியாகக் கிடக்கும் அறுபது வரிகளைப் பற்றியும் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"அந்த அறுபது நாளும் உங்க மனைவி வேலைக்குப் போகல சார். வருஷா வருஷம் இந்த வீட்டுலதான் இருந்தாங்க. உங்களுக்குக் கீழ் மாடியில."

பேராசிரியர் சிரிக்க முயன்றார். "அபத்தம். அவ குடுத்த வரைபடத்துல எல்லாம் கோடு தொடர்ந்துதான் இருக்கும்."

"இடைவெளி இருந்தா பார்க்க அசிங்கமா இருக்குன்னு எப்பவாவது சொன்னீங்களா?"

அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார், அதன்பின் அம்மாள் அவருக்கென்று வரையும் படங்களில் மட்டும் இடைவெளியின் இரு முனைகளையும் ஒரு மெல்லிய கோட்டால் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். கணவரின் கண்ணுக்கு உறுத்தக் கூடாது என்பதற்காகச் செய்த சிறிய உபகாரம் அது. அந்தக் கோட்டுக்குள்தான் அவர் வழுக்கி விழுந்திருந்தார்.

"புத்தகம் அச்சுக்குப் போகணும்," என்றார் கடைசியில். "பெட்டகத்தைத் திறந்து பார்த்தா, முக்கியமான இடத்துல அறுபது எண் இல்ல. மத்த வருஷங்களை நான் ஏன் பார்க்கணும்? அவ டைப் பண்ணாம விட்டுட்டான்னு நினைச்சேன். விட்டுப்போனதை நான் போட்டேன். என் சமன்பாடு என்ன சொல்லுதோ அதைத்தான் போட்டேன். திருட்டு இல்ல அது."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அவ அளக்கறவ. இது கோட்பாடு."

"உங்க கோட்பாட்டுக்காகத்தான் நாலு மணிக்கு அவங்களை உட்காரவெச்சு விசாரிக்கப் போறாங்க."

பேராசிரியர் தம்முடைய நூலை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்தார். பிறகு கேட்டார்: "அப்போ என் வளைவு? அதை எடுத்துடுவாங்களா?"

உதவியாளர் அவர் சொன்னதையும் அதே தாளில் எழுதி, இன்னொரு கையெழுத்து வாங்கி, மடித்துப் பைக்குள் வைத்தார். "நட்சத்திரம் எப்படித் திரும்புதுன்னு முந்நூறு பக்கம் எழுதியிருக்கீங்க சார். தட்டு வெச்ச ஆள் யாருன்னு நீங்க ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா, முந்நூறும் பிழைச்சிருக்கும்."

விசாரணை அறைக்கு வெளியே, நீளமான மர விசுப்பலகையில் பதிவாளர் அம்மாள் அமர்ந்திருந்தார். நான்காக எட்டு நிமிடம் இருந்தது. துப்பறிவாளர் தாளை நீட்டினார். அம்மாள் அதை இருமுறை படித்தார். கோடிட்ட சொல்லில் அவருடைய விரல் நின்றது.

"பதினேழு வருஷமும்னு அவரே சொன்னாரா? இல்ல, நீங்க அப்படிக் கேட்டு அவர் ஆமான்னாரா?"

அளப்பவரின் கேள்வி அது. துப்பறிவாளருக்கு அந்தக் கணத்தில் பொய் சொல்லும் ஆசை வந்தது. வாழ்க்கையில் மிகச் சில முறையே வந்திருந்த ஆசை.

"அவரேதான் சொன்னார்மா. நாங்க ஒரு வருஷத்தைப் பத்தித்தான் கேட்டோம்."

"லாபத்துக்காகத் தெரிஞ்சே பண்ணியிருந்தார்னா..." என்று தொடங்கிய அம்மாள் நிறுத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்து, மிகவும் சாதாரணமான குரலில், "அதுவே தேவலைன்னு தோணுதுங்க," என்று முடித்தார்.

இயக்குநர் வந்தார். துப்பறிவாளர் சுருக்கமாகச் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு முதலில் நிம்மதியும், உடனே கவலையும் வந்தன. பேராசிரியரின் பெயர் பெரிய பெயர். இயக்குநர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணலாம்மா. தட்டச்சுப் பிழைன்னு முடிச்சுடலாம். உங்க வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் நான் பொறுப்பு. வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளயே இருக்கும்."

"அப்போ பதிவு?"

"அதுல ஒரு குறிப்பு சேர்ப்போம். பிழை இருக்கலாம், கவனமாப் பயன்படுத்தவும்னு. அவ்வளவுதான்."

"பதினேழு வருஷத்துக்கும் அந்தக் குறிப்பு வருமா?"

"வந்துதான் ஆகும்மா," என்றார் இயக்குநர், கழுத்தைத் தடவிக்கொண்டே.

"வீட்டுக்காக ஒரு கோடு இழுத்தேன் சார். போதும்," என்றார் அம்மாள். எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தாமே திறந்து உள்ளே போனார். துப்பறிவாளரும் உதவியாளரும் பின்தொடர்ந்தார்கள்.

உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். குழுத் தலைவர் உட்காரச் சொன்னார். அம்மாள் நின்றுகொண்டே பேசினார்.

"என் நோட்டுல இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் நான் அளந்தேன். பெட்டகத்துல இருக்கிற அந்த அறுபதும் நான் அளந்ததில்ல, தட்டினதும் இல்ல. அதை அழிச்சுட்டு, அந்த இடத்தைக் காலியா விடணும்னு கேட்டுக்கறேன். நட்சத்திரம் எந்த நாள் திரும்புச்சு, எப்படித் திரும்புச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு எழுதினாத்தான் மத்த ஐயாயிரத்துச் சொச்சம் வரியும் நிஜம்னு அர்த்தம்."

"அப்படியானால், அந்த எண்களைச் சேர்த்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் தலைவர்.

அம்மாள் வாக்குமூலத் தாளை மேசையில் வைத்து, அவர் பக்கம் திருப்பினார். தலைவர் பெயரைப் படித்ததும் புருவத்தை உயர்த்தி, ஓரத்தில் அமர்ந்திருந்த சுருக்கெழுத்தாளரிடம் நகர்த்தினார். உதவியாளர் தம் காலணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சுருக்கெழுத்தாளர் பெயரைப் படிவத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த கட்டத்துக்கு வந்து, தலை நிமிராமலே கேட்டார்.

"உங்களுக்கு என்ன உறவு?"

"கணவர்," என்றார் அம்மாள். "பக்கத்துலயே இன்னிக்குத் தேதியையும் போட்டுக்கோங்க. நாளைக்கு அளவு மாறலாம்."